இரண்டு சென்டிமீட்டர் வெள்ளம்

கோடையில் ஆறு முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. நடுவில் நின்று இரண்டு பேர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்த அளவு நிலையத்தின் புதுக் கருவி, ஆற்றின் ஆழம் நூற்று இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் என்று காட்டியது. கோல்காரர் கருவியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மறுபடியும் கருவியைப் பார்த்தார். துறை கொடுத்த சாமான் தப்பாகச் சொல்லாது என்று இருபத்திரண்டு வருடமாக நம்பி வந்தவர் என்பதால், அவருக்கு முதலில் ஆற்றின்மேல்தான் சந்தேகம் வந்தது.

கோல்காரர் என்பது ஊர் வைத்த பெயர். தண்ணீரில் நட்டிருந்த கோடு போட்ட கோலைப் பார்த்து, மணிக்கொரு தரம் ஆழத்தை நோட்டில் எழுதுவது அவர் வேலையாக இருந்தது. அப்புறம் துறையில் யாருக்கோ ஞானம் பிறந்து, நோட்டை நிறுத்திவிட்டுக் கருவியை வைத்தார்கள். கோலைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு வராததால் அது மட்டும் தண்ணீரிலேயே நின்றது. இப்போது அவர் வேலை கருவியைத் துடைப்பது. மழைக்காலத்தில் மட்டும் கருவியோடு சங்கை இணைப்பார்கள். தண்ணீர் நாலு மீட்டரைத் தாண்டினால் கருவி தானாகவே சங்கு ஊதும், ஆற்றோரத் தெருவில் நூற்று நாற்பது வீட்டுக்காரர்களும் மேட்டுக்கு ஓடிவிடலாம் என்பது ஏற்பாடு.

அந்தத் தெருவில் மூன்றாவது வீடு கோல்காரருடைய தங்கை வீடு. அவள் மாமியார் படுத்த படுக்கை. நாலு பேர் பிடித்துத் தூக்கினாலும் அந்த அம்மாளை மேட்டுக்குக் கொண்டுபோக இரண்டு மணி நேரம் ஆகும். சங்கு நேரத்துக்கு ஊதாவிட்டால் தங்கை மாமியாரை விட்டுவிட்டு வரமாட்டாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் அப்பாவைக் கொண்டவள்.

துறைக்கு எழுதிப் போட்டார். பதில் மூன்றே நாளில் வந்தது. "ஆயிரம் சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அளவுகள் பிழையெனக் கருதப்பட்டு இனி தானாகவே நீக்கப்படும். தங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி." மறுநாளிலிருந்து கருவி வெறும் கோடு மட்டும் காட்டியது. மாதக் கடைசியில், பிழையே இல்லாத நிலையம் என்று அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. மழைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், அளவுகளைப் படிக்கும் 'அளவி' என்ற மென்பொருளைச் செய்த நிறுவனத்தின் முகவரி இருந்தது. கோல்காரர் லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினார்.

நிறுவனம் ஆறு மாடிக் கட்டடம். வாசலில் பளிங்கில் "பொறுமையே தரம்" என்று பொறித்திருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க எந்த வெண்டர் சார்?" என்றாள். "நான் வெண்டர் இல்லம்மா, அளவியை வச்சிருக்கிறவன்" என்றார். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். நிறுவனம் தொடங்கி இத்தனை வருடத்தில் அளவியைப் பயன்படுத்துகிற ஆள் ஒருவர் நேரில் வந்தது அதுதான் முதல் தடவை. விஷயம் மாடி மாடியாகப் பரவி, எட்டிப் பார்க்க ஐந்தாறு பேர் வந்து போனார்கள்.

கடைசியில் நாலாம் மாடியில் 'ஒருவரி' என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண்ணிடம் அவரை அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். மேசை முழுக்கக் காலி டீ டம்ளர்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"சார், ஒரு எண்ணை ரெண்டு பெட்டியில எழுதி வைப்பாங்க. ஒரு பெட்டியில இருநூத்தம்பத்தாறு இருநூத்தம்பத்தாறா எத்தனை கட்டு இருக்குன்னு. இன்னொண்ணுல உதிரி எவ்வளவுன்னு. பழைய கருவிங்க கட்டை முதல்ல எழுதும். உங்க புதுக் கருவி உதிரியை முதல்ல எழுதுது. அளவிக்கு அது தெரியாது. உதிரியைக் கட்டுன்னு எடுத்துக்குது. நாப்பது சென்டிமீட்டர் தண்ணி, நாப்பது கட்டு ஆயிடுது."

"அப்ப நிஜமாவே வெள்ளம் வந்தா?"

"பெரும்பாலும் கன்னாபின்னான்னு பெரிய எண்ணாத்தான் வரும்."

"அதையெல்லாம்தான் பிழைன்னு எடுத்துடறாங்களே."

அவள் முகம் மாறியது. ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போட்டாள். "நம்பற மாதிரி வர்றது சிலதுதான் சார். அஞ்சு மீட்டர் பன்னிரண்டு வந்துதுன்னு வைங்க. ரெண்டு கட்டு, உதிரி இல்ல. அளவி அதைக் கட்டு இல்ல, உதிரி ரெண்டுன்னு படிக்கும். ரெண்டு சென்டிமீட்டர்."

"சரி பண்ண முடியாதாம்மா?"

"பண்ணிட்டேன் சார். ஒரே வரி. எட்டு மாசம் ஆச்சு." பெயர் வந்த காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "அளவி 4.2-ல இருக்கு. 4.2 இன்னும் வெளியாகல."

"அந்த ஒரு வரியை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்."

"குடுக்கலாம். உங்க கருவி வாங்காது. வெளியீட்டு முத்திரை இருந்தாத்தான் ஏத்துக்கும். முத்திரை இயக்குநர்கிட்ட இருக்கு." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது எல்லாத் தொழிலுக்கும் பொது போலும் என்று கோல்காரர் நினைத்துக்கொண்டார்.

வெளியீட்டு இயக்குநர் ஆறாம் மாடியில் இருந்தார். மேசையில் ஒரு தாள்கூட இல்லை. கோல்காரரைக் கண்டதும் கையைப் பிடித்துக் குலுக்கினார், விட மனமில்லாமல் மறுபடியும் குலுக்கினார்.

"பயனர்! எங்க உழைப்பெல்லாம் உங்களுக்காகத்தான் சார். நான் இந்த நாற்காலிக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஆறு வருஷத்துல இங்கேருந்து பிழையோட ஒரு வெளியீடு போயிருக்கா?"

"போனதில்லீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல!"

"ஒண்ணுமே போனதில்ல" என்றாள் ஒருவரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"எங்க ஊர்ல இருக்கிறது தப்பாப் படிக்குதுங்களே?"

"அது 4.1. எனக்கு முன்னாடி இருந்தவர் அவசரப்பட்டு விட்டது. அவசரத்தோட விளைவு என்னன்னு நீங்களே பாக்கறீங்க." இயக்குநர் எழுந்து நின்றார். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயம் அல்ல போலிருக்கிறது. "அளவி ஒன்பது வகை இயந்திரத்துலயும் ஒரே மாதிரி ஓடணும். அதுல ஒண்ணுல தும்மினாக்கூட நான் முத்திரை போடமாட்டேன். சின்ன ஊரு, பெரிய ஊருன்னு எனக்குப் பேதம் கிடையாது. எல்லாருக்கும் சமமா, யாருக்குமே இன்னும் குடுக்கல."

ஒன்பதில் எட்டு இயந்திரங்கள் ஒரு மணி நேரத்தில் சோதனையை முடித்துவிடும். ஒன்பதாவதைப் பார்க்க அவரை நிலவறைக்கு அழைத்துப் போனார்கள். பீரோ மாதிரி மூன்று ஆள் அகலத்துக்கு நின்ற அதற்குப் பெயர் 'பெரியவர்'. பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பராமரிப்பாளர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் நாற்பது நிமிடம் வேலை செய்தால் இரண்டு மணி நேரம் ஆற வேண்டும், ராத்திரி கிடையாது, ஞாயிறு கிடையாது. அவருக்கு மட்டும் சோதனை முடியப் பதினொரு நாள் ஆகும்.

"உலகத்துல இந்த மாதிரி வேற ஒண்ணு கிடையாது சார்" என்றார் பராமரிப்பாளர், பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

"இதுல யாருங்க ஆத்து அளவு பாக்கறாங்க?"

"யாரும் பாக்கறதில்லையே. இதுல சோதனை மட்டும்தான்."

"சோதனை எதுக்கு?"

"இதுல ஓடுதான்னு தெரிய வேணாமா?"

நல்ல காலமாக அன்றைக்குப் பத்தாம் நாள். நாளைக்குப் பெரியவர் முடித்துவிடுவார் என்றார்கள். கோல்காரர் நிம்மதியாக ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார், தங்கைக்குப் போன் பண்ணி, "நாளைக்கு வாங்கிட்டு வந்துடறேன்" என்றார். "கடையில உப்பு வாங்கற மாதிரி சொல்றீங்க அண்ணே" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் வெளியீட்டுத் தயார்நிலைக் கூட்டம். நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். பயனர் பிரதிநிதி என்று எழுதி கோல்காரர் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். ஒன்பது இயந்திரத்திலும் சோதனை தேறியது என்று ஒருவரி வாசித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் விதிகள் அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைப் பிரித்தார்.

"வெளியீட்டுத் தேதின்னு உள்ள எழுதியிருக்கிறது போன வாரத் தேதி. அது தாண்டி நாலு நாள் ஆச்சு. காலாவதியான தேதியோட வெளியிட முடியாது."

"திருத்திடலாம்" என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக.

"திருத்தலாம். ஒன்பதாம் விதிப்படி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ஒன்பது இயந்திரத்துலயும் திரும்பச் சோதிக்கணும்."

"சோதிச்சுடலாம்."

கோல்காரர் இடையில் புகுந்தார். "பதினோரு நாள் ஆகுமேங்க. இன்னும் பதினஞ்சு நாள் தள்ளித் தேதி போட்டுட்டா?"

"பதினாலாம் விதி. ஏழு நாளுக்கு மேல தள்ளித் தேதி போடக் கூடாது. பயனருக்குப் பொய் நம்பிக்கை குடுத்த மாதிரி ஆயிடும்" என்று விதிகள் அலுவலர் அவரையே பார்த்து அன்பாகச் சொன்னார்.

ஏழு நாள் தள்ளித் தேதி, பதினொரு நாள் சோதனை. கோல்காரர் பள்ளிக்கூடம் பத்தோடு நிறுத்தியவர், ஆனாலும் ஏழைவிடப் பதினொன்று பெரியது என்று அவருக்குத் தெரியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. எட்டு மாதத்தில் இருபத்தொரு சுற்றுச் சோதனை நடந்திருந்தது. இருபத்தொரு தடவையும் தேறியிருந்தது. இருபத்தொரு தடவையும் கை தட்டியிருந்தார்கள். ஒருவரி இதைப் பற்றி ஏழு மனு கொடுத்திருந்தாள், ஏழும் 'பரிசீலனையில்' இருந்தன.

"ஏங்க, சோதனையெல்லாம் முடிஞ்சப்புறம் தேதியைக் கடைசியா ஒரு ஆள் எழுதிக்கக் கூடாதா?" என்றார் கோல்காரர்.

ஒருவர் இருமினார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

"தேதி இல்லாத பொருளைச் சோதிச்சா, நாம சோதிச்சது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு ஆயிடும் சார். அதுக்குப் பேரு வெளியீடு இல்ல, மோசடி. ஆனா உங்க கேள்வி ஆழமானது. தேதிக்குன்னே ஒரு துணைக்குழு போடறோம். அவங்க அறிக்கை நாலு மாசத்துல வரும். அதையும் 4.2-லயே சேர்த்துடுவோம்."

"சேர்த்தா எழுத்து மாறுமே" என்றாள் ஒருவரி.

"மாறட்டும். திரும்பச் சோதிப்போம். நாம எதுக்கு இருக்கோம்?"

கூட்டம் முடிகிற சமயத்தில், பயனர் பிரதிநிதி நேரில் வந்து சிறப்பித்ததை நன்றிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். கோல்காரர் எழுந்து, "ஐயா, வேண்டாங்க, என் பேரைப் போடாதீங்க" என்று கும்பிட்டார். அவருடைய அடக்கத்தைப் பாராட்டி இன்னொரு தீர்மானம் நிறைவேறியது. அதையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

படிக்கட்டு வரை ஒருவரி கூட வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சார், இங்க எல்லாரும் நல்லவங்கதான். அதுதான் கஷ்டமே. யார்கிட்டயும் கோவப்பட முடியல. நீங்க அந்தப் பழைய கோலைப் பிடுங்க விட்டுடாதீங்க."

"பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தா?"

"வரும்போது கோப்பு காணாமப் போச்சுன்னு சொல்லுங்க. எந்த ஆபீஸுக்கும் அது புரியும்."

மழை இரண்டு வாரம் முன்னதாகவே வந்தது. மழைக்குப் பதினாலாம் விதி தெரியாது. மேலே மலையில் மூன்று நாள் கொட்டியது. நாலாம் நாள் காலையில் ஆற்றின் நிறம் மாறியதைப் பார்த்ததுமே கோல்காரர் கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையோடு கோலுக்கு எதிரே போய் நின்றுவிட்டார். எட்டு மணிக்கு இரண்டு மீட்டர் எண்பது. ஒன்பதுக்கு மூன்று மீட்டர் முப்பது. கருவி கோடு காட்டிக்கொண்டிருந்தது. அவர் சங்குக்காகக் காத்திருக்கவில்லை. ஆற்றோரத் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"கருவி ஒண்ணும் சொல்லலையே?" என்றார் ஒரு வீட்டுக்காரர், பல் துலக்கிக்கொண்டே.

"கருவிக்கு வீடு இங்க இல்லய்யா! கிளம்பு!"

தங்கை வீட்டில் மாமியாரைக் கட்டிலோடு தூக்கினார்கள். அந்த அம்மாள் வழியெல்லாம், "என் மூக்குக் கண்ணாடி, என் மூக்குக் கண்ணாடி" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். தங்கை இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போய் அதை எடுத்துவந்தாள். கோல்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கையைக் கன்னத்தில் அறைந்தார், அடுத்த நிமிடமே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பகல் பன்னிரண்டு மணிக்கு மேட்டிலிருந்து பார்த்தபோது கோலில் ஐந்து மீட்டர் பன்னிரண்டு. தெருவில் கூரைகள் மட்டும் தெரிந்தன. ஒருவர்கூடச் சாகவில்லை. ஒரு கோழிகூடப் போகவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் துறையிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வெள்ளத்தன்று கருவி அனுப்பிய அளவுகளில் பிழையானவை எல்லாம் விதிப்படி நீக்கப்பட்டிருந்தன. மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான், பகல் பன்னிரண்டு மணி அளவு. ஆற்றில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் இருக்கையில் நூற்று நாற்பது குடும்பங்களை வீட்டைவிட்டுக் கிளப்பிப் பீதி உண்டாக்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

விசாரணை தங்கை வீட்டு வாசலிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். நிபுணர் என்ற முறையில் வெளியீட்டு இயக்குநரும் வந்திருந்தார். கோல்காரரைப் பார்த்ததும் பழைய நண்பர் போலக் கையைக் குலுக்கினார்.

"ரெண்டு சென்டிமீட்டர் தண்ணிக்கு எதுக்கய்யா கட்டிலைத் தூக்கினீங்க?" என்றார் அதிகாரி.

தங்கை உள்ளே இருந்து வந்து, கதவு நிலைக்கு மேலே சுவரில் சேறு படிந்த கோட்டைக் காட்டினாள். "இது எத்தனை சென்டிமீட்டர்னு நீங்களே அளந்து பாருங்க சார்."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். நிபுணர் பக்கம் திரும்பினார். இயக்குநர் சுவரைத் தடவிப் பார்த்தார், விரலில் ஒட்டிய சேற்றை முகர்ந்தார், உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"எனக்கு இவர்மேல தனிப்பட்ட முறையில மரியாதை உண்டு சார். ஆனா சுவர் எங்க ஒன்பது இயந்திரப் பட்டியல்ல இல்ல. பட்டியல்ல இல்லாத ஒண்ணு சொல்றதை நான் எப்படி ஏத்துக்க முடியும்? அன்னிக்கு அளவை அளவி 4.2-ல போட்டுப் படிச்சா உண்மை தெரிஞ்சுடும்."

"படிங்களேன்" என்றார் கோல்காரர்.

"வெளியாகட்டும் சார். வெளியாகாததை வச்சு ஒருத்தர் வேலையில கை வைக்கலாமா? மனசாட்சின்னு ஒண்ணு இல்ல?"

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அளவி 4.2 வெளியாகும் வரை விசாரணை நிறுத்திவைக்கப்படுகிறது. அதுவரை கோல்காரரை வேலையிலிருந்து நீக்கவோ, வேறு ஊருக்கு மாற்றவோ, பணி ஓய்வு கொடுக்கவோ கூடாது. தங்கை அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்ப அண்ணே, சாகற வரைக்கும் உங்க வேலையை யாரும் அசைக்க முடியாது!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டிலில் இருந்த மாமியார் என்ன சங்கதி என்று கேட்க, அவளுக்கும் சத்தமாகச் சொன்னார்கள். அவளும் சிரித்தாள்.

உறையில் இன்னொரு தாளும் இருந்தது. நிறுவனத்திலிருந்து வந்தது. பயனர் பிரதிநிதிக்கு வணக்கம் சொல்லித் தொடங்கியிருந்தது. "தங்கள் ஊரில் நிகழ்ந்த நிகழ்வைக் கூர்ந்து ஆராய்ந்தோம். உயிர்ச்சேதம் ஏதும் இல்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. எனவே தாங்கள் தெரிவித்த குறை 'அவசரம்' என்ற பிரிவிலிருந்து 'பிறகு பார்க்கலாம்' என்ற பிரிவுக்கு மாற்றப்படுகிறது. மீண்டும் அவசரப் பிரிவில் சேர்க்க விரும்பினால் பின்பக்கத்தில் உள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்."

கோல்காரர் தாளைத் திருப்பினார். நாலே கட்டங்கள்தான். இறந்தவர் பெயர். வயது. இறந்த தேதி, ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும். பயனருக்கு என்ன உறவு.

"அதுல என்ன அண்ணே போட்டிருக்கு?" என்றாள் தங்கை, மாமியாருக்கு மாத்திரையைப் பிரித்துக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. நன்றி சொல்லியிருக்காங்க" என்று சொல்லி அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வெளியே தூற ஆரம்பித்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனார்.